விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு: வீட்டுக் கணினியை மாற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைகளை முன்பின்னாகச் செய்வதால்தான் பல கணினிகள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. பயாஸில் (கணினி எழும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில்) கை வைத்த பிறகு பேக்கப் ஞாபகம் வருகிறது. பென் டிரைவ் தயாரான பிறகு வட்டில் இடமில்லை என்று தெரிகிறது. அதனால் எதையும் தொடங்கும் முன் இங்குள்ள எல்லாக் கேள்விகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்; பேக்கப்பை பயாஸ் வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அவசரக்காரர்கள் பேக்கப் பற்றிய கேள்வியை மட்டுமாவது தாண்டிப் போகாதீர்கள்.

விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?

அது நாளைக்கும் ஓடும். ஆனால் 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றுவிட்டன. அதன்பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். வங்கி வேலை, வருமான வரி, மின்னஞ்சல் எல்லாம் அதே கணினியில் நடக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். இணையமே இல்லாமல் பழைய கணக்குகளைப் பார்க்க மட்டும் வைத்திருக்கும் கணினியை அப்படியே விட்டுவிடலாம்.

உடனே மாற்ற முடியாதவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. அதைப் பற்றி கடைசிக் கேள்வியில் சொல்கிறோம்.

என் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று எப்படிப் பார்ப்பது?

மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை நிறுவி ஓட்டுங்கள். தகுதி இல்லை என்றால் எந்த உறுப்பால் இல்லை என்றும் அது சொல்லிவிடும்.

தாளில் உள்ள நிபந்தனைகள்: 64-பிட் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், யூஇஎஃப்ஐ எனும் புதுவகை பயாஸ், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளிலிருந்து மட்டுமே கணினியை எழுப்பும்) வசதி, டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு வசதி). பெரும்பாலான கணினிகள் தோற்பது பிராசசரில்தான். இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும் வேண்டும். தலைமுறையைப் பெயரிலேயே படித்துவிடலாம்: ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, ஐ5-10210யூ பத்தாம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்று இருந்தால் அதை ஒன்றாம் தலைமுறை என்று எண்ணிவிடாதீர்கள், அது பதினொன்று. ஏஎம்டி ரைசன் 2000 வரிசையில் சில மாடல்கள் பட்டியலில் உண்டு, சில இல்லை. அங்கே பெயரை வைத்து ஊகிக்காமல் பிசி ஹெல்த் செக் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிசி ஹெல்த் செக் மற்றதெல்லாம் சரி என்கிறது, டிபிஎம் மட்டும் இல்லை என்கிறது. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். எட்டாம் தலைமுறைக் கணினி என்றால் டிபிஎம் ஏற்கெனவே உள்ளே இருக்கும், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இது சாதாரணம். கணினி எழும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். இன்டெல் போர்டில் 'பிடிடி' என்றும், ஏஎம்டி போர்டில் 'எஃப்டிபிஎம்' என்றும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்டு பக்கத்தில் கிடைக்கும். அதை 'எனேபிள்' செய்து, சேமித்து வெளியே வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தக் கணினியில் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ (வட்டைப் பூட்டி வைக்கும் வசதிகள்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், பயாஸில் எதையும் தொடும் முன் அதை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் கணினியைத் தொடங்கினீர்களோ, அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் சாதனங்களின் கீழ் இருக்கும். வாங்கிய அன்று கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவர் கணக்கில் இருக்கும். இதை இப்போதே பார்த்து, சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் அந்த வட்டைத் திறக்க வழியே கிடையாது.

செக்யூர் பூட்டுக்காக 'சிஎஸ்எம்' (பழைய முறையில் கணினியை எழுப்பும் பயாஸ் வசதி) என்பதை அணைத்தேன். இப்போது கணினி எழவே மாட்டேன் என்கிறது!

பயப்பட வேண்டாம், ஃபைல்கள் எங்கும் போகவில்லை. பயாஸுக்குள் திரும்பப் போய் சிஎஸ்எம்-ஐ மறுபடி போடுங்கள். பழைய விண்டோஸ் எழுந்துவிடும்.

நடந்தது இதுதான். உங்கள் வட்டு 'எம்பிஆர்' என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிஎஸ்எம்-ஐ அணைத்தால் பயாஸ் 'ஜிபிடி' முறை வட்டிலிருந்து மட்டுமே விண்டோஸை எழுப்பும். முதலில் வட்டை மாற்றி, அப்புறம் பயாஸை மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். 'லெகசி' என்று இருந்தால் இந்த வேலை பாக்கி.

வட்டை மாற்ற விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, முதலில் அதன் 'வேலிடேட்' சோதனையை மட்டும் ஓட்டுங்கள். அது எதையும் மாற்றாமல், மாற்ற முடியுமா என்று சொல்லும். விண்டோஸ் ஓடும்போதே செய்வதால் 'அலோ ஃபுல் ஓஎஸ்' என்ற சேர்க்கையும் கட்டளையோடு வேண்டும். சோதனை தேறினால் 'கன்வெர்ட்'. சி, டி, இ என்று பிரித்து வைத்த பழைய வட்டுகளில் சோதனை அடிக்கடி தோற்கும். அந்த டி-யும் இ-யும் 'எக்ஸ்டெண்டட்' என்ற ஒரே பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். இந்தக் கருவி அதை ஏற்காது. முதன்மைப் பிரிவுகளும் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வட்டில் டி, இ-யில் உள்ளதை வெளியே எடுத்து, அந்தப் பிரிவுகளை அழித்துவிட்டுத்தான் மாற்ற முடியும்.

என் படங்களும் கோப்புகளும் டி டிரைவில்தான் இருக்கின்றன. அது பேக்கப் ஆகாதா?

ஆகாது. சி-யும் டி-யும் ஒரே வட்டின் இரண்டு அறைகள். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பென் டிரைவிலிருந்து புதிதாக நிறுவும்போது வரும் திரையில் சி, டி என்ற எழுத்துகளே இருக்காது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, 2, 3' என்று மட்டுமே இருக்கும். அங்கே டி-யை சி என்று நினைத்து அழித்தவர்கள் ஏராளம். அந்த வழியில் போவதாக இருந்தால் முன்கூட்டியே டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்து, ஒவ்வொரு பிரிவின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அளவை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

உண்மையான பேக்கப் என்பது வேலை முடிந்ததும் கேபிளைப் பிடுங்கித் தனியாக வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க். சி டிரைவில் 'யூஸர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ளதை முழுதாகப் படியெடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் அதற்குள் வந்துவிடும். மறந்துபோகும் சங்கதிகள்: அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு (மின்னஞ்சல்கள் சேரும் இடம்), கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், ஆஃபீஸ் தொகுப்பின் சாவி. படியெடுத்த பிறகு வெளி வட்டிலிருந்தே நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிந்தால் போதாது, திறக்க வேண்டும்.

4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். தகுதிச் சோதனை தேறிவிட்டது. போடலாமா?

போடலாம், ஓட்ட முடியாது. சுழலும் ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் 11 எழுந்து உட்கார்வதற்குள் காபி ஆறிவிடும். செலவழிக்கக் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான வட்டு) வாங்குங்கள், அடுத்து ராமை 8 ஜிபி ஆக்குங்கள். பழைய பிராசசரோடு எஸ்எஸ்டி உள்ள கணினி, புதுப் பிராசசரோடு ஹார்ட் டிஸ்க் உள்ளதைவிட வீட்டு வேலைக்கு வேகமாக இருக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. லேப்டாப்பின் பழைய ஹார்ட் டிஸ்க் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும்; 7 மி.மீ. தடிமன் உள்ளதாக வாங்குங்கள். எம்.2 துளை (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தால், அது என்விஎம்இ (வேகமான வகை) ஏற்குமா சாட்டா மட்டுமா என்று லேப்டாப் மாடலை வைத்து உறுதி செய்யுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருப்பதால் மாற்றி வாங்கிவிடுவது சுலபம். 256 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். ராமுக்கு டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தட்டினால், எத்தனை துளைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று காட்டும்.

பழைய வட்டை அப்படியே எஸ்எஸ்டிக்குப் படியெடுப்பதற்குச் சாட்டாவை யுஎஸ்பி ஆக்கும் கேபிள் ஒன்று போதும். படியெடுத்த பின் முதல் தடவை எழுப்பும்போது பழைய வட்டைக் கழற்றி வையுங்கள். ஒரே மாதிரி இரண்டு விண்டோஸ் ஒரே நேரத்தில் இருந்தால் கணினி எதிலிருந்து எழுந்தது என்று தெரியாமல் குழப்பம் வரும். இந்த வேலையை விண்டோஸ் மாற்றும் முன்பே முடிப்பது நல்லது. அப்போது பழைய ஹார்ட் டிஸ்க்கே முழுப் பேக்கப்பாகவும் ஆகிவிடும்.

இருப்பதன்மேல் அப்கிரேட் செய்வதா, ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போடுவதா?

கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் இருப்பதன்மேலேயே செய்யுங்கள். செயலிகள், கோப்புகள், எழுத்துருக்கள், உள்ளூர்க் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கும். 'எதற்கும் ஒரு ஃபார்மட்' என்பது சர்வீஸ் கடைகளின் வழக்கம். வீட்டில் அதற்கு அவசியம் அரிது. வைரஸ் சந்தேகம், அடிக்கடி நீலத்திரை, 32-பிட் விண்டோஸ் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் மட்டும் புதிதாகப் போடுங்கள். விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே இல்லை என்பதால் 32-பிட்டிலிருந்து நேராக ஏற முடியாது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருப்பவர்களும் புதிதாகத்தான் போட வேண்டும்.

சரி, அப்கிரேடை எப்படி ஓட்டுவது?

முதலில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைப் பாருங்கள். அங்கே விண்டோஸ் 11 காட்டினால் அதுவே சுலபம். காட்டாவிட்டால் மைக்ரோசாஃப்டின் 'விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டெண்ட்'. இரண்டும் சரிப்படாவிட்டால் ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவல் வட்டின் முழுப் படி) இறக்கி, அதை இருமுறை தட்டித் திறந்து, உள்ளே உள்ள 'செட்டப்'பை ஓட்டுங்கள். ஐஎஸ்ஓ 5 ஜிபிக்கு மேல் இருக்கும். மொபைல் டேட்டாவில் இறக்குபவர்கள் அன்றைய அளவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் 8 ஜிபி பென் டிரைவில் போட்டும் செய்யலாம். அந்தப் பென் டிரைவில் இருந்தது அழிந்துவிடும். ஆனால் பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பினால் அப்கிரேட் கிடைக்காது. அது புதிதாகப் போடும் வழி. செயலிகள் தங்க வேண்டும் என்றால் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைத் திறந்து 'செட்டப்'பைத் தட்ட வேண்டும்.

தொடங்கும் முன் சி-யில் 30 ஜிபியாவது காலி செய்யுங்கள். தாளில் அதைவிடக் குறைவு போதும் என்றிருக்கும். பழைய விண்டோஸையும் ஓரமாக எடுத்து வைப்பதால் நெருக்கடி வரும். வேறு நிறுவன ஆண்டிவைரஸை நீக்குங்கள், தற்காலிகமாக நிறுத்தினால் போதாது. விசைப்பலகையும் மவுஸும் தவிர யுஎஸ்பியில் உள்ள எல்லாவற்றையும் பிடுங்குங்கள்.

'ஃபைல்களையும் ஆப்களையும் வைத்திரு' என்ற தேர்வு மங்கலாக இருக்கிறது, அமுக்க முடியவில்லை.

அப்படியே அடுத்ததற்குப் போய்விடாதீர்கள், ரத்து செய்யுங்கள். பெரும்பாலும் மொழிதான் காரணம். இப்போதுள்ள விண்டோஸ் 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' ஆங்கிலத்தில் இருந்து, நீங்கள் இறக்கியது 'இன்டர்நேஷனல்' ஆங்கிலமாக இருந்தால், அதை வேறு மொழி என்றே செட்டப் கருதும். பொருந்தும் ஐஎஸ்ஓவை இறக்கினால் தேர்வு திறந்துகொள்ளும்.

நடுவில் கரண்ட் போனால்?

பெரும்பாலும் திரும்ப எழுந்து பழைய விண்டோஸுக்கே போய்விடும். ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. லேப்டாப்பில் முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் செருகியே வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் அதன் பின்பக்கச் சுவிட்ச் 'யூபிஎஸ்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள்; சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் நொடியில் டெஸ்க்டாப் அணைந்துவிடும்.

எஸ்எஸ்டியில் ஒன்றிரண்டு மணி நேரம், ஹார்ட் டிஸ்கில் அரை நாள்கூட ஆகலாம். ஒரே சதவீதத்தில் நெடுநேரம் நிற்கிறதே என்று பவர் பொத்தானை அமுக்காதீர்கள். வட்டின் சிறு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது.

பிழை எண் காட்டிப் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிட்டது.

எண்ணின் முதல் பகுதியைப் பாருங்கள். '80070070' என்று இருந்தால் இடம் போதவில்லை. 'சி1900101' என்றால் ஏதோ ஒரு டிரைவர் தடுக்கிறது. லேப்டாப் நிறுவனத்தின் பக்கத்திலிருந்து கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களைப் புதுப்பித்து மறுபடி முயலுங்கள். 'சி1900208' என்றால் ஒத்துவராத செயலி. பெரும்பாலும் ஆண்டிவைரஸ் அல்லது பழைய விபிஎன்.

எண் இல்லாமல் 'சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை' என்று வந்தால், விண்டோஸ் எழுவதற்கான அந்தச் சின்னஞ்சிறு பிரிவு நிரம்பிவிட்டது. அது பெரும்பாலும் 100 எம்பி மட்டுமே. மற்ற நிறுவனங்களும் தங்கள் கோப்புகளை அதில் கொட்டி வைக்கின்றன. சி-யில் எவ்வளவு இடம் இருந்தாலும் இதற்கு உதவாது. அந்தப் பிரிவைப் பெரிதாக்குவது விவரம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

தமிழ் எழுத்துருக்கள், தமிழ்த் தட்டச்சு என்ன ஆகும்?

அப்கிரேடில் ஒன்றும் ஆகாது. புதிதாகப் போட்டால்தான் சிக்கல். பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் அடித்த பழைய கடிதங்களும் பத்திர நகல்களும், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துருவைப் போட்டால் திரும்பிவிடும். அதனால் 'ஃபாண்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து அவற்றை முன்பே படியெடுங்கள். 'எனக்கு மட்டும்' என்று நிறுவிய எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டரில் இருக்காது. உங்கள் பெயரில் உள்ள மறைந்த 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள் இருக்கும். இதனால்தான் பலருக்குப் பாதி எழுத்துரு மட்டும் கிடைக்கிறது.

லதா, விஜயா எழுத்துருக்கள் விண்டோஸோடு தானாக வருவதில்லை. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் வந்துவிடும். தட்டச்சுக்குத் தனி மென்பொருள் அவசியமில்லை: 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்' பக்கத்தில் தமிழைச் சேர்த்து, கீபோர்டுகளில் தமிழ்99-ஐ எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். 32-பிட் விண்டோஸில் ஓடிய மிகப் பழைய 16-பிட் தட்டச்சு மென்பொருள்கள் மட்டும் இனி ஓடவே ஓடாது.

பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்?

இரண்டுக்கும் 64-பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முன்பே பார்த்து, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் மென்பொருளை மாற்றத்துக்குப் பிறகு மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம். வரித்தாக்கல் கடைசி வாரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

ஆக்டிவேஷன் போய்விடுமா? புதுச் சாவி வாங்க வேண்டுமா?

முறையான விண்டோஸ் 10 இருந்தால் 11 இலவசம். உரிமம் மதர்போர்டோடு ஒட்டியிருப்பதால் எஸ்எஸ்டி மாற்றினாலும் போகாது. மதர்போர்டை மாற்றினால் சிக்கல்.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருந்தால் நல்லது. வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' என்று இருந்தால், யாரோ ஆக்டிவேட்டர் (போலியாக ஆக்டிவேட் செய்யும் நிரல்) ஓட்டியிருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் அர்த்தம். ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் நிரலை நம்பி வங்கிக் கணக்கைத் திறப்பது எப்படி என்று நீங்களே யோசியுங்கள். அந்தக் கணினியில் முழுதாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி.

மாற்றிய பிறகு டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகள் ஒன்டிரைவுக்கு (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) போய்விட்டன. இடம் நிரம்பிவிட்டது என்கிறது.

தொடக்கத் திரைகளில் எங்கேயோ பேக்கப்புக்கு 'சரி' சொல்லியிருப்பீர்கள். இலவச இடம் 5 ஜிபிதான். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் 'மேனேஜ் பேக்கப்' போய் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் நிறுத்துங்கள். நிறுத்திய உடனே டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், கையால் இழுத்துப் போட வேண்டும். மேகக் குறி உள்ள கோப்புகள் இன்னும் கணினிக்கு இறங்கவில்லை. அவை இறங்கும் முன் ஒன்டிரைவிலிருந்து எதையும் அழிக்காதீர்கள்.

பிடிக்கவில்லை. பழையதற்குத் திரும்பலாமா?

10 நாளுக்குள் திரும்பலாம். செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி, 'கோ பேக்'. இது 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரை வைத்தே நடப்பதால், இடம் வேண்டும் என்று முதல் வாரத்திலேயே அதை அழித்துவிடாதீர்கள். பிரிண்டர் முதல் வரி மென்பொருள் வரை எல்லாவற்றையும் இந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

என் கணினிக்குத் தகுதியே இல்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

இல்லை. முதல் வழி நீட்டிப்புத் திட்டம். விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு ஓடும் கணினியில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். செட்டிங்ஸை மேகத்தில் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லை; இல்லாவிட்டால் 30 டாலர் அல்லது 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள்.

தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போடும் வழிகளும் உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் உத்தரவாதம் கிடையாது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பைக் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இல்லாத மிகப் பழைய பிராசசர்களில் அது எழவே எழாது. ஆறு, ஏழாம் தலைமுறைக் கணினியில், முழுப் பேக்கப்போடு, தெரிந்தே செய்பவர்களுக்கு மட்டும் இது சரி.

உலாவி, மின்னஞ்சல், வீடியோ, கடிதம் அடிப்பது இவ்வளவுதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட்டைப் பாருங்கள். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில்கூட அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். வட்டில் எதையும் தொடாமல் பென் டிரைவிலிருந்தே எழுப்பி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடலாம். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளோ டோக்கனோ இருந்தால் இதில் இறங்க வேண்டாம்.